பெயர் மாறிய சேவல்

முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவரின் மொட்டை மாடியில் கம்பி வலை அடித்த கூடு ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு சேவல், மூன்று பெட்டை. 'ஹெரிட்டேஜ் கார்னிஷ்' என்று சொல்லி வெளிமாநில வளர்ப்பாளர் ஒருவரிடம் குஞ்சாக வாங்கி வந்தவை. அகன்ற நெஞ்சு, தள்ளித் தள்ளி ஊன்றிய குட்டையான மஞ்சள் கால்கள், உடம்போடு ஒட்டி இறுகிய இறகு, தலையில் அழுந்திப் படிந்த சின்னக் கொண்டை. நண்பர் எனக்கு இங்கிலாந்து, கார்ன்வால், சர்வதேசத் தரநிர்ணயம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். துணி காயப்போட மேலே வந்த அவருடைய அம்மா கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னாத்துக்குத் தம்பி இவ்ளோ கதை? நம்ம ஜாதிச் சேவல்தான இது. காலைக் குட்டையாக்கி வச்சிருக்கான், அவ்ளோதான்."

அந்த அம்மா கார்ன்வாலைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. இந்தக் கோழியின் வரலாறாக எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி, அவர் ஒரே மூச்சில் சொன்னதை மறைப்பதற்காகப் பெயர்களை மாற்றிக்கொண்டே வந்த வரலாறு என்றுகூடச் சொல்லலாம்.

பிரிட்டனில் இந்தக் கோழிக்கு இன்றைக்கும் 'இந்தியன் கேம்' என்றுதான் பெயர். இந்தியச் சண்டைச் சேவல் என்று பொருள். கார்ன்வாலில் போட்மின் என்ற ஊரில் 1785இல் பிறந்த வால்டர் ராலே கில்பர்ட் கம்பெனியின் வங்கப் படையில் சேர்ந்து தளபதியானவர். இரண்டாம் சீக்கியப் போரில், 1849இல், தோற்ற படையை விரட்டிச் சென்றவர். அவர் 1820ஐ ஒட்டி இந்தியாவின் அசில் சேவல்களை ஆங்கிலேயச் சண்டைச் சேவல் இனத்தோடு கலந்து இதை உருவாக்கினார் என்பது வழங்கிவரும் கதை. கதை என்றுதான் சொல்ல வேண்டும். கார்ன்வால் துறைமுகங்களில் கப்பல்காரர்கள் இறக்கிய பறவைகளுக்கும் இதில் பங்குண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு முக்கியம் வேறொன்று. வாய்மொழிக் கதையிலும்கூடத் தளபதியின் பெயர்தான் தங்குகிறது. அந்தச் சேவலைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, இணைசேர்த்து, இப்படியொரு எலும்பும் தசையும் வரும்படி ஆக்கி வைத்திருந்தவன் யார்? அவன் விற்றானா, பரிசாகக் கொடுத்தானா, பிடுங்கப்பட்டானா? கதையில் அவனுக்கு இடமில்லை. கில்பர்ட்டுக்குப் போட்மினில் 144 அடி உயரத்தில் நினைவுத் தூண் நிற்கிறது.

உடனே இதை 'தமிழன் சேவலை வெள்ளைக்காரன் திருடினான்' என்று எழுதிவிடத் துடிக்கும் கைகள் நம்மிடையே உண்டு. கில்பர்ட் இருந்தது வடக்கே. அவர் கொண்டுபோன சேவல் நம்மூர்க் களத்தில் நின்றது என்று உரிமை கொண்டாட ஆதாரம் கிடையாது. அசில் என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது. உயர்குடிப் பிறப்பு, கலப்பற்ற வம்சம் என்று அர்த்தம். நாம் புழங்கும் 'அசல்' அதே வேரிலிருந்து வந்த சொல்தான். நாம் 'ஜாதிச் சேவல்' என்பதும் அதே பொருளில்தான். தூய்மை, குருதி, பிறப்பு எல்லாவற்றையும் ஒரு கோழியின் மேல் ஏற்றி வைத்திருக்கும் சொல்லாடல் இது. சாதியைக் கேள்வி கேட்கிறவர்கள் இந்தச் சொல்லைச் சும்மா கையிலெடுத்துக் கொஞ்ச முடியாது. தேசிய விலங்கின மரபுவள நிறுவனத்தின் பதிவேட்டில் அசிலின் தாயகமாக ஆந்திரம், சத்தீஸ்கர், ஒடிசா காட்டப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் அந்த வகைக்குப் பெருவிடை என்று பெயர். சிறுவிடை என்பது வாசலில் மேயும் சின்ன உருவக் கோழி. இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ கலப்பு. பதிவேடு ஒரு மாதிரி கோடு போடுகிறது. கோழி வேறு மாதிரி மேய்கிறது.

பாண்டிச்சேரிக்கு இந்தக் கதையில் வேறொரு வழியாக இடமுண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெரா 1770களில் இங்கே இருந்தார். 1782இல் பாரிசில் வெளியான அவருடைய பயண நூலில் தென்னிந்தியக் காட்டுக்கோழியை விவரித்து, வீட்டுக்கோழியின் மூதாதை இதுதான் என்று எழுதினார். 1813இல் டச்சு அறிஞர் டெம்மிங்க் அந்தச் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது சொன்னெராவின் பெயரையே வைத்தார்: காலஸ் சொன்னெராட்டி. வலை விரித்துப் பிடித்துக் கொடுத்தவன், கூடையில் சுமந்து வந்தவன், தமிழில் அதற்கு என்ன பெயர் என்று சொன்னவன், யாரும் அந்தப் பெயருக்குள் இல்லை. பின்னால் டார்வின் வந்தார். 1868இல் எழுதிய நூலில் வீட்டுக்கோழிகள் எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழியின் வழி வந்தவை என்று வாதிட்டார். சொன்னெரா தோற்றார் என்று 140 ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். 2008இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்துச் சொன்னது வேறு. வீட்டுக்கோழி பெரும்பாலும் சிவப்புக் காட்டுக்கோழியின் வழிதான். ஆனால் அதன் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்திருக்கிறது. அதாவது நம் மலைக்காட்டுக் கோழி எப்போதோ ஒரு ஊரோரத்தில் வீட்டுப் பெட்டையோடு கூடியிருக்கிறது. நண்பரின் மாடியில் நிற்கும் கார்னிஷின் மஞ்சள் காலில் அந்தக் கள்ள உறவின் அடையாளம் இருக்கிறது. தூய வம்சம் என்று எதைப் பார்த்துச் சொல்வது?

பெயர் மாற்றத்துக்குத் திரும்புவோம். இங்கிலாந்தில் சேவல் சண்டையை 1835இலும் 1849இலும் வந்த சட்டங்கள் தடைசெய்தன. களம் மூடப்பட்டதும் சேவல்காரர்கள் கண்காட்சிக்குப் போனார்கள். இறகின் கோடு, நிறம், நெஞ்சின் அகலம் என்று மதிப்பெண் போடும் நடுவர்கள் வந்தார்கள். இந்தியன் கேம் சண்டைக்காக உண்டாக்கப்பட்டது, சண்டையில் சோபிக்கவில்லை. கால் குட்டை, உடல் கனம், வேகம் கிடையாது. ஆனால் நெஞ்சில் அத்தனை கறி. வேறு கோழிகளோடு கலந்தால் குஞ்சுகளுக்கும் நெஞ்சு விரிகிறது என்று கண்டுகொண்டார்கள். கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போய் 1893இல் அங்கத்தைய தரநூலில் ஏறியது. அப்போது பெயரில் இந்தியாவும் இருந்தது, கார்ன்வாலும் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 'இந்தியன்', 'கேம்' இரண்டும் உதிர்ந்து 'கார்னிஷ்' மட்டும் நின்றது. கறிக்கடைக்குச் சண்டைச் சேவலின் வாடை வேண்டாம், காலனியின் வாடையும் வேண்டாம் என்பதாகத்தான் இதை வாசிக்க முடிகிறது.

அதன் பின் நடந்தது வேகமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் ஒரு பெரிய மளிகைக் கடைச் சங்கிலி பணம் போட்டு 'நாளைய கோழி' என்ற போட்டியை நடத்தியது. 1948இல் டெலவேரில் நடந்த இறுதிப் போட்டியில் கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரெஸ் சிவப்புக் கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷயரையும் கலந்த கோழியை வைத்து வென்றார். 1951இல் மறுபடியும் அவரே. இன்று உலகம் தின்னும் பிராய்லரின் தந்தை வழி கார்னிஷ், தாய் வழி வெள்ளை பிளிமத் ராக். வான்ட்ரெஸின் பெயர் காப்-வான்ட்ரெஸ் என்ற பன்னாட்டு நிறுவனத்தின் பெயரில் இப்போதும் வாழ்கிறது. புனேயில் 1971இல் பி. வி. ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் காப் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து இங்கே கொண்டுவந்ததுதான் வென்காப். இந்தியாவிலிருந்து சேவலாகப் போனது இந்தியாவுக்குக் கறியாகத் திரும்பிய வழி இது.

இந்தத் தொழிலில் புழங்கும் உறவுச் சொற்களைக் கவனிக்க வேண்டும். பூட்டன் மட்டம், பாட்டன் மட்டம், பெற்றோர் மட்டம் என்று கோழிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் பண்ணைக்காரர் கைக்கு வருவது கடைசிப் பேரக்குஞ்சு. அதை வளர்த்து முட்டை எடுத்துப் பொரிக்க வைத்தால் அதே கோழி வராது. பாட்டனும் பூட்டனும் கம்பெனியின் சொத்து. பல்லடம், உடுமலைப் பக்கம் 1990களில் பரவிய ஒப்பந்தப் பண்ணை முறையில் பேரக்குஞ்சும்கூடப் பண்ணைக்காரருக்குச் சொந்தமில்லை. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. கொட்டகை, கரண்டு, தண்ணீர், உழைப்பு அவருடையவை. ஆறு வாரம் கழித்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. அந்தக் கூலியை உயர்த்தக் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருக்கிறது. கோழி வளர்க்கிறவர் கோழிக்குக் கூலியாளாக ஆன வரலாறு வெறும் முப்பது முப்பத்தைந்து ஆண்டுதான் ஆகிறது.

நம்மூரில் களம் மூடப்பட்ட கதை இன்னும் முடியவில்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அனுமதி, தடை, நீதிமன்றம் என்று இழுபடுகிறது. இன்னொரு பக்கம் தமிழ்நாட்டில் 2003இல், 1950ஆம் ஆண்டின் பலித்தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்துக் கிராமத்துச் சாமிகளுக்குக் கோழி அறுக்கக் கூடாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பி 2004இல் சட்டமே போனது. கத்திக்கால் சண்டையில் சேவல் படும் பாட்டை நான் நியாயப்படுத்த வரவில்லை. வெத்துக்காலும் ஒன்றும் சாதுவான விளையாட்டு அல்ல. ஆனால் ஆறு வாரத்தில் தன் நெஞ்சின் கனத்தைத் தாங்க முடியாமல் கால் கோணி உட்கார்ந்துவிடும் பிராய்லரைப் பற்றி வதை என்ற சொல் நம் பொதுப்புத்தியில் எழுவதே இல்லை. யாருடைய கோழி என்பதை வைத்துத்தான் கொடுமை அளக்கப்படுகிறது.

இங்கிலாந்தில் 1849க்குப் பின் நடந்தது இங்கேயும் நடக்கிறது. கிளிமூக்கு விசிறிவால் என்ற வகை சண்டைக்கு அல்ல, பார்வைக்கு. கிளியைப் போல வளைந்த மூக்கு, தரையில் புரளும் நீண்ட வால். திண்டுக்கல் பக்கம் கண்காட்சி வைத்து லட்சங்களில் விலை பேசுகிறார்கள். களத்தில் செருமிக்கொண்டு நின்ற சேவல் மேடையில் அழகுப் பொருளாக நிற்கிறது. சண்டைச் சேவல் என்றாலே இன்று நம் வாசகர்களுக்கு 2011இல் வந்த 'ஆடுகளம்' படம்தான் நினைவுக்கு வரும். பேட்டைக்காரனாக வந்தவர் ஈழத்துக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன் என்பதால் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அதில் கூடுதல் சொந்தம். நல்ல படம். ஆனால் அதிலும் சேவல் மட்டும்தான் நினைவில் நிற்கிறது, பெட்டைக்கோழி நிற்பதில்லை.

கில்பர்ட்டின் தூணுக்கு எதிரில் வைக்க நம்மிடம் ஒரு கல் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து அதிக தூரமில்லை, விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில். சுமார் 1,500 ஆண்டுக்கு முந்தையது. மனிதனுக்கு எடுத்த நடுகல் இல்லை. சண்டையில் செத்த சேவலுக்கு எடுத்தது. சேவல் உருவத்தைச் செதுக்கி, முகையூர் மேற்சேரியின் கோழி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தளூரிலும் இதே போல ஒன்று. அதில் கீழ்ச்சேரிக் கோழி, அதற்குப் பொற்கொற்றி என்று பெயரே இருக்கிறது. இன்றைய சேரி என்ற சொல்லின் பொருளை அப்படியே அங்கே கொண்டுபோய் ஏற்றக் கூடாது. குடியிருப்பு என்றுதான் அன்றைக்கு அர்த்தம். இருந்தாலும் ஒன்றைக் கவனிக்கலாம். அந்தக் கல்லில் அரசன் உரிமை கொண்டாடவில்லை, தளபதி கொண்டாடவில்லை. கோழி ஒரு சேரியின் கோழி. மேலூர்க்காரன் கீழூர்க்காரன் என்று ஊரே இரண்டாக நின்று கத்தியிருக்கும். செத்த பிறகு அதன் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். சொன்னெராட்டி, கார்னிஷ், வென்காப் ஆகிய பெயர்களோடு பொற்கொற்றியை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அந்தக் கல்லிலும் பெட்டைக்கு இடமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சேவல்கட்டுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சேவலைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், பெட்டையை வெளியே கொடுக்க மாட்டார்கள். வம்சம் பெட்டையிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டையை அடை வைத்தது, பஞ்சாரத்தில் கவிழ்த்தது, பருந்துக்கும் கீரிக்கும் பூனைக்கும் காவல் இருந்தது வீட்டுப் பெண்கள். முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்த்தே கூமுட்டையை ஒதுக்குவாள் என் பாட்டி. எந்தக் கோழி அடைக்கு உட்காரும், எது பாதியில் எழுந்து போகும் என்று அவளுக்குக் கணக்கு இருந்தது. இது எந்த ஆவணத்திலும் ஏறாத அறிவு. நோய்கூடப் பெயரோடு ஏறியிருக்கிறது. 1920களின் பிற்பகுதியில் ஒரே கோழி நோயை இங்கிலாந்தில் நியூகாசில் என்றும் இந்தியாவில் குமாவோன் மலையூரான ராணிகேத் என்றும் பதிவு செய்தார்கள். நம் கால்நடை மருத்துவமனைகளில் இன்றும் அதற்கு ராணிகேத் தடுப்பூசி என்றுதான் பெயர். கோழி கார்னிஷ் ஆனது, நோய் மட்டும் இந்தியப் பெயரோடு நின்றது. பாட்டிக்கு அது வெள்ளைக்கழிச்சல். மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துப் புகட்டுவாள். அதனால் அந்த நோய் நிற்காது, காலையில் கூட்டைத் திறந்தால் பாதி செத்துக் கிடக்கும், அதுவும் உண்மைதான். இப்போது ஏழாம் நாள் கண்ணில் லசோட்டா சொட்டு, எட்டாம் வாரம் ஊசி போட்டால் கோழி தப்பிக்கிறது. பழசு எல்லாம் பொன் என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்காவின் கால்நடை இனப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று ஹெரிட்டேஜ் கோழிக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பே அவர்களுடைய தரநூலில் ஏறியிருக்க வேண்டும், இயற்கையாக இணைசேர வேண்டும், திறந்த வெளியில் பல ஆண்டு வாழ வேண்டும், மெதுவாக வளர வேண்டும், கறிக்கு எடுக்கும் எடைக்கு வரக் குறைந்தது 16 வாரமாவது பிடிக்க வேண்டும். முதல் நிபந்தனையைத் தவிர மற்றதெல்லாம் முத்தியால்பேட்டைத் தெருவில் குப்பை கிளறும் எந்தக் கோழிக்கும் பொருந்தும். கடற்கரையோரம் பிரெஞ்சுக்காரர் வீதிகளில் மஞ்சள் சுவர்களுக்கு ஹெரிட்டேஜ் என்று பலகை மாட்டிப் பழகிய ஊர் இது. கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில் தூண் வைத்த தாழ்வாரங்கள் இடிந்தபோது அந்தச் சொல் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. கோழியிலும் அப்படித்தான்: தரநூலில் இருக்கிறதா என்பது முதலில், கோழி பிறகு.

நண்பருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அவர் கோழியை நேசிக்கிறவர், அதையும் மறுக்க முடியாது. கார்னிஷ் வளர்ப்பது லேசு இல்லை. சேவல் நாலேமுக்கால் கிலோவரை வரும். நெஞ்சு அகலத்தினாலும் கால் குட்டையினாலும் மிதிப்பது சரியாகப் படாமல் முட்டை வெறும் முட்டையாகப் போகும். ஆசனவாயைச் சுற்றி இறகைக் கத்தரித்துவிட வேண்டும். பெட்டை இடுவதும் குறைவு. அடைக்கு ஆசையாக உட்காரும், ஆனால் கனத்தில் முட்டையை நசுக்கிவிடும் என்ற பயம் அவருக்கு. குஞ்சுக்கு இறகு மூடுவது மந்தம், ஐப்பசி மழையில் நனைந்தால் போச்சு. ஆகவே அவர் போன தையில் அம்மாவின் சிறுவிடை அடைக்கோழியைக் கேட்டு வாங்கி, தவிட்டுக் கூடையில் எட்டு கார்னிஷ் முட்டைகளை வைத்தார். ஏழாம் நாள் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தபோது கூடையில் ஒன்பது முட்டை. அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

"ஒத்தப்படையாதான்டா வைக்கணும். எதிர்வீட்டுப் பெருவிடை முட்டை ஒண்ணு சேர்த்தேன்."

"எதும்மா அது? குறி வச்சியா?"

"கோழிக்கே தெரியாது, எனக்கு எப்பிடித் தெரியும்?"

இருபத்தோராம் நாள் ஏழு பொரித்தது. முதுகில் கோடு போட்ட குஞ்சுகள், எல்லாம் ஒரே ஜாடை. கால் நீளம் தெரிய மூன்று மாதம் ஆகும் என்று நண்பர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற வளையம் மாட்டி நோட்டில் எழுதி வருகிறார். நான் போனபோது சிறுவிடை ஏழையும் கூட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கித் தெருவுக்குப் போயிருந்தது.